பகுதிநேரத் தகவல் தொடர்புத் தலைவரை அமர்த்த நினைக்கும் கொங்கு மண்டலத் தொழில்முனைவோர் கவனத்திற்கு

திருப்பூரில் 22 ஆண்டுகளாகச் சாயப்பட்டறை நடத்தி வரும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். சென்ற ஆண்டு, பத்திரிகைகளிலும் சமூக ஊடகங்களிலும் எங்கள் சார்பில் பேசுவதற்குப் பகுதிநேரத் தகவல் தொடர்புத் தலைவர் ஒருவரை அமர்த்தி, மூன்று மாத முன்பணத்தையும், அதைவிடப் பெரிதாகக் கருதும் நிறுவனத்தின் முகநூல் பக்கத்தையும் இழந்தோம். வழக்கறிஞரின் அறிவுரைப்படி அவருடைய பெயரையும் அவர் நடத்தும் ஏஜென்சியின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. அவர் கொடுத்த அதே விளக்கப் படங்களோடு இப்போது ஈரோட்டிலும் பல்லடத்திலும் சிலரைச் சந்தித்து வருவதாகக் கேள்விப்பட்டதால்தான் எழுதுகிறேன்.

ஒரு சாயப்பட்டறைக்கு இப்படியொருவர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என் தந்தையே கேட்டார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட நாள்களைக் கடந்து வந்தவர்களுக்கு, நொய்யல் ஆற்றையும் சாயக்கழிவையும் சேர்த்து எழுதிய ஒரு வரி என்ன செய்யும் என்பது தெரியும். அந்தக் காலத்தில் தவறான செய்தி வந்தால் அப்பா நேராகப் பத்திரிகை அலுவலகத்திற்குப் போய், சுத்திகரிப்பு நிலையத்தின் பதிவேட்டைக் காட்டி, மறுநாளே விளக்கம் வெளியாகும்படி செய்துவிடுவார். இன்றைக்கு யூடியூப் சேனலில் காலையில் வரும் காணொளி, மதியத்திற்குள் பத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி, மாலையில் ஜெர்மனி வாடிக்கையாளருக்காகக் கொள்முதலைக் கவனிக்கும் பையிங் ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்கும் மின்னஞ்சலாக எங்களிடம் வந்து சேர்கிறது. இதையெல்லாம் கையாளத் தெரிந்த, இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவரை முழுநேரமாக வைத்துக்கொள்ள எங்களைப் போன்ற நடுத்தர நிறுவனத்தால் முடியாது. மூன்று நான்கு நிறுவனங்கள் ஓர் அனுபவசாலியைப் பகிர்ந்துகொள்வது என்ற ஏற்பாடு எனக்கு அப்போதும் நியாயமாகப் பட்டது, இப்போதும் படுகிறது.

வந்தவர் சென்னையில் பெரிய செய்தி நிறுவனங்களில் இருந்ததாகச் சொன்னார். பேச்சு அவ்வளவு தெளிவு. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு, மாதம் 1,20,000 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, மூன்று மாதத் தொகை முன்கூட்டியே என்று முடிவானது. வரிப்பிடித்தம் 36,000 போக 3,88,800 ரூபாயை அனுப்பினோம். ஒப்பந்தத்தில் ‘மூத்த தலைமையின் வழிகாட்டுதலில்’ பணி நடக்கும் என்று எழுதியிருந்தது. பணியை அவரே செய்வார் என்று எந்த இடத்திலும் எழுதவில்லை என்பதை நான் கவனித்தபோது இரண்டாவது மாதம் முடிந்திருந்தது.

முதல் இரண்டு செவ்வாய்க்கிழமைகளில் நேரில் வந்தார். பட்டறையைச் சுற்றிப் பார்க்க அழைத்தபோது, வெளிர் நிறக் காலணியைப் பார்த்துக்கொண்டு அடுத்த முறை வருவதாகச் சொன்னார். அந்த அடுத்த முறை வரவே இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து அவருக்குப் பதிலாக, கல்லூரி முடித்து ஓராண்டுகூட ஆகாத ஒரு தம்பி கணினித் திரையில் தோன்றினார். நல்ல பையன்தான், ஆனால் சாயக்கழிவு நீரை வடிகட்டும் ஆர்ஓ என்றால் என்ன, அதில் மிஞ்சுவதை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் என்றால் என்ன என்று நாங்கள்தான் அவருக்குப் பாடம் நடத்தினோம்.

அவர்கள் அனுப்பிய முதல் பத்திரிகைக் குறிப்பை நான் பார்க்கும் முன்பே நிருபர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதி இயந்திரத்தால் தமிழாக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சாயமிடுவதற்கும் (dyeing) சாவதற்கும் (dying) ஓரெழுத்துதான் வேறுபாடு. அந்த எழுத்தை யாரோ விட்டுவிட்டதால், எங்கள் நிறுவனம் ‘திருப்பூரின் முன்னணி இறக்கும் பிரிவு’ ஆகிவிட்டது. எங்களுக்கு நன்கு பழக்கமான நிருபர் ஒருவர் தொலைபேசியில், “ஏனுங்ண்ணா, பட்டறை எப்பங்க செத்துச்சு? சொல்லவே இல்லீங்களே!” என்று கேட்டார். அன்று நானும் சிரித்துவிட்டேன்.

இரண்டாம் மாதம் வந்த அறிக்கைக்குச் சிரிக்க முடியவில்லை. 41 ஊடகங்களில் செய்தி வெளியானதாகவும், அதன் விளம்பர மதிப்பு 46 லட்சம் ரூபாய் என்றும் வண்ண வரைபடத்துடன் அனுப்பியிருந்தார்கள். என் தங்கை மகள் உட்கார்ந்து 41 இணைப்புகளையும் திறந்து பார்த்தாள். எல்லாம் ஒரே குறிப்பு, ஒரே பிழைகளுடன், பணம் கட்டியவர்களின் குறிப்புகளை அப்படியே ஏற்றும் பகுதிகளில் கிடந்தது. இதில் ஆசிரியர் குழுவுக்குப் பொறுப்பில்லை என்ற வரி பெரும்பாலானவற்றின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. விளம்பர இடத்தின் விலையைக் கொண்டு செய்தியின் மதிப்பைக் கணக்கிடும் இந்த முறையை, தகவல் தொடர்பு அளவீட்டுத் துறையினர் 2010இல் பார்சிலோனாவில் கூடி வகுத்த கோட்பாடுகளிலேயே நிராகரித்துவிட்டார்கள் என்று கோவையில் ஊடகவியல் கற்பிக்கும் நண்பர் பிறகு சொன்னார். இருபது ஆண்டு அனுபவமுள்ளவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

ஐப்பசி மழையில் நொய்யல் நுரையோடு ஓடிய ஒரு சனிக்கிழமை மாலை, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஓடையில் சிவப்பு நீர் ஓடும் காணொளி எங்கள் பெயர்ப்பலகைப் படத்தோடு ஒட்டப்பட்டுப் பரவியது. இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவரை அமர்த்தியிருந்தோம். இரவு பத்து மணிக்குள் பதினோரு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. திங்கள் காலை ஒரு குறுஞ்செய்தி வந்தது: ‘செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இதைப் பேசலாம்.’

அந்த இரவைக் காப்பாற்றியவர் எங்கள் சுத்திகரிப்புப் பிரிவின் சூப்பர்வைசர். அவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு போய், எங்கள் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திற்குப் போகும் குழாயின் மீட்டரையும், அன்றைய பதிவேட்டுப் பக்கத்தையும், வளாகத்தின் நான்கு பக்கச் சுவர்களையும் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே காணொளியாக எடுத்தார். அதைப் பையிங் ஆபீஸுக்கும் எங்களுக்குத் தெரிந்த நிருபர்களுக்கும் அனுப்பினோம். அதற்காக நாங்கள் யாருக்கும் மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுக்கவில்லை.

ஒப்பந்தத்தை முறித்தோம். மீதிப் பணத்தைக் கேட்டபோது, ‘இயன்ற அளவு முயற்சி’ என்ற சொற்றொடரையும், தகராறுகளுக்கு மும்பையில் நடுவர் தீர்ப்பாயம் என்ற விதியையும் எடுத்துக் காட்டினார்கள். வணிக நோக்கில் பெற்ற சேவை என்பதால் நுகர்வோர் நீதிமன்றத்திலும் வழியில்லை என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். எங்களிடம் வசூலித்த 64,800 ரூபாய் ஜிஎஸ்டிக்கு அவர்கள் கணக்குத் தாக்கல் செய்யாததால், அது, நாங்கள் கழித்துக்கொள்ளக்கூடிய வரியைக் காட்டும் ஜிஎஸ்டி 2பி பட்டியலில் ஏறவில்லை, உள்ளீட்டு வரிச் சலுகையும் கிடைக்கவில்லை. முதல் மாத 2பி பட்டியலைப் பார்த்திருந்தால் அப்போதே பிடித்திருக்கலாம் என்று ஆடிட்டர் கடிந்துகொண்டார்.

பல்லடத்தில் நூற்பாலை நடத்தும் உறவினர் ஒருவர் இதே போன்ற பகுதிநேர ஏற்பாட்டில் ஓர் அம்மையாரை அமர்த்தியிருக்கிறார். அவர் கட்டணத்தைச் சொல்வதற்கு முன் இரண்டு ஷிப்ட் ஆலைக்குள் இருந்து பார்த்திருக்கிறார். வேறு எந்தெந்த நிறுவனங்களுக்கு வேலை செய்கிறார் என்பதை எழுதிக் கொடுத்திருக்கிறார். நெருக்கடி வந்தால் எந்தக் கிழமையானாலும் இரண்டு மணி நேரத்திற்குள் அவரே பேச வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எங்களவரோ எங்கள் போட்டியாளர் ஒருவருக்கும் அதே செவ்வாய்க்கிழமையைத்தான் விற்றிருந்தார்.

முகநூல் பக்கத்தை அவர்கள் தங்கள் ஏஜென்சிக் கணக்கின் கீழ் தொடங்கியிருந்ததால் அதன் உரிமை இன்னும் எங்களிடம் வரவில்லை. எங்கள் பெயரும் பழைய முத்திரையும் தாங்கிய அந்தப் பக்கத்திற்கு ஆர்டர் கேட்டோ வேலை கேட்டோ யாராவது எழுதினால், அதை நாங்கள் பார்ப்பதில்லை. தயவுசெய்து பட்டறை அலுவலகத்தை நேரடியாக அழைத்துப் பேசுங்கள்.