டோப்போவியூ தரும் பழைய கேன்யன் வரைபடங்கள்: ஒரு மதிப்புரை

பிளஸ் 1 புவியியல் மாணவர்களுக்குச் சம உயரக் கோடுகளை (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை) கற்பிக்க, இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களில் தருமபுரி அடங்கிய 57 எல் தாளுடன் செங்குத்தான மலையிடுக்கு ஒன்றின் வரைபடமும் தேவைப்பட்டதால், அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் டோப்போவியூ சேவையைப் பயன்படுத்தத் தொடங்கினேன். 1884 முதல் 2006 வரை வெளியான நிலத்தோற்ற வரைபடங்களை ஸ்கேன் செய்து இலவசமாகவே தருகிறார்கள். இடத்தைத் தேடி ஆண்டையும் அளவையையும் குறித்தால், ஒரே நிலத்தின் வெவ்வேறு காலத்துத் தாள்கள் வரிசையாக வந்து நிற்கின்றன.

கொலராடோ ஆற்றின் வறண்ட பள்ளத்தாக்குகளைப் பார்க்கும்போதுதான் இந்த வசதியின் அருமை புரிகிறது. 1869இல் படகுகளில் அந்த ஆற்றோடு இறங்கிச் சென்ற ஜான் வெஸ்லி பவல் பின்னர் நடத்திய அளவைப் பணியின் பயனாக 1880களில் வெளியான தாள்கள், 1:2,50,000 அளவையில், 250 அடிக்கு ஒரு கோடு என வரையப்பட்டவை. கிராண்ட் கேன்யனில் ஏறத்தாழ 500 அடி உயரம் நிற்கும் ரெட்வால் சுண்ணாம்புப் பாறைச் சுவர் அவற்றில் இரண்டு கோடுகளுக்குள் அடங்கிவிடுகிறது. 1902இல் அதே துறையின் நில அளவையாளர் பிரான்சுவா மத்தேஸ் பிளேன் டேபிளுடன் (களத்திலேயே வரைபடம் வரைய உதவும் முக்காலிப் பலகையுடன்) அளக்கத் தொடங்கிய 1:48,000 தாள்களிலோ 50 அடிக்கு ஒரு கோடு. அதே சுவர் பத்துக் கோடுகள் நெருங்கிய பழுப்புப் பட்டையாகத் தெரிகிறது, அதன் அடியில் சரிவு தணியும் இடத்தில் கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. பாறையின் இயல்பைக் கோடுகளின் இடைவெளியே சொல்லிவிடும் இத்தகைய தாளை நான் வேறெங்கும் வகுப்பில் காட்டியதில்லை.

1963இல் அணை மதகுகள் மூடப்பட்டபின் மூழ்கிய, அதே கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யனின் ஆற்றுப்போக்கும் பழைய தாள்களில் இருக்கிறது. மேட்டூர் நீர் வற்றும்போது பண்ணவாடி நந்தி வெளிப்படுவதை அறிந்த நம் பிள்ளைகளுக்கு அதைத் தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை.

அச்சில்தான் குறை நேர்ந்தது. வீட்டு பிளான் அச்சிடும் கடையொன்றில் கோப்பைத் தாளுக்குப் பொருந்துமாறு சுருக்கிவிட்டார்கள். தாளின் அடியில் தூரத்தைக் காட்டும் கோட்டளவையும் உடன் சுருங்கியதால் தூரத்தை அளக்க முடிந்தது என்றாலும், 1:48,000 என்ற பிரதிபின்னத்தின்படி (வரைபடத் தூரத்துக்கும் நிலத் தூரத்துக்கும் உள்ள விகிதத்தின்படி) 1 செ.மீ.க்கு 480 மீட்டர் என்ற கணக்கு பொய்யாகிவிட்டது. பயிற்சித் தாளாகப் பயன்படுத்துவோர் ஜியோபிடிஎஃப் கோப்பை (இட அமைவுத் தகவலும் சேர்ந்த பிடிஎஃப்) எடுத்துச் சென்று, நூறு சதவீத அளவில் அச்சிடச் சொல்லி, பணம் கொடுக்கும் முன் கோட்டளவையை ஸ்கேலால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.