கே.புதூர் லேத் பட்டறையில் செய்து வாங்கிய பாய்ப்படகுப் பூம் பொருத்துகள்

மண்டபம் கரையில் நிறுத்தியிருக்கும் என் 14 அடிப் பாய்ப்படகுக்கு வேண்டிய பூம் (பாயின் அடி ஓரத்தை விரித்துப் பிடிக்கும் கிடைக்குழாய்) பொருத்துகளை, மதுரை கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறிய லேத் பட்டறையில் செய்து வாங்கினேன். மோட்டார் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து பழகியவர்களிடம் கடல் வேலையை நம்பிக் கொடுக்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உலோக வேலையைத் தாராளமாகக் கொடுக்கலாம். கயிற்றுக்கு மட்டும் அங்கே போக வேண்டாம்.

இதற்கு முன் இணையத்தில் வாங்கிய பொருத்துகளின் மேல் 'துருப்பிடிக்காத எஃகு' என்று மட்டுமே எழுதியிருந்தது. எந்தத் தரம் என்ற குறிப்பு இல்லை. ஒரு பருவம் முடிவதற்குள் அவற்றில் தேநீர்க் கறை போன்ற துரு படர்ந்தது. அதைவிடக் கவலை தந்தது, ரிவெட்டுகளைச் சுற்றிப் பூமின் அலுமினியம் வெண்பொடியாக உதிரத் தொடங்கியதுதான். எஃகும் அலுமினியமும் உப்பு நீரில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடமே ஒரு மின்கலமாகிவிடும். அதில் கரைவது எஃகு அன்று, அலுமினியம்தான். படகு கரையில் ஏற்றிக் கிடந்தாலும் உப்புக்காற்றின் ஈரம் அந்த வேலையை நிறுத்துவதில்லை.

பட்டறைக்காரர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டார். துருப்பிடிக்காத எஃகில் 316 தரத் தகடு வேண்டும் என்றேன். 304 தரத்துக்கும் 316 தரத்துக்கும் பார்வையில் வேறுபாடு தெரியாது, காந்தம் வைத்தும் பிரித்தறிய முடியாது. 316-இல் இரண்டு முதல் மூன்று விழுக்காடு மாலிப்டினம் இருப்பதால்தான் அது உப்பின் குழியரிப்பைத் தாங்குகிறது. அவர் தகட்டின் மூலையைத் தேய்த்துச் சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு, சிறு பேட்டரியை இணைத்து, மாலிப்டினத்தால் சொட்டின் நிறம் மாறுவதை என் கண்முன்னே காட்டிய பிறகே வெட்டத் தொடங்கினார். கேட்காமலே செய்த இந்தச் சோதனைக்காகவே அந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பேன்.

செய்த பொருள்களில் சிறந்தது கூஸ்நெக். பாய்மரத்தோடு பூமை இணைக்கும் அந்த மூட்டு பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஒருசேர அசைய வேண்டும். துளை சற்றே தளர்ந்தாலும் ஒவ்வோர் அலைக்கும் அடிபட்டு மேலும் அகன்றுவிடும். ஊசியை அவர் இறுக்கமாகவும் வழுக்கலாகவும் கடைந்து, இடையில் நைலான் வாஷர்கள் வைத்துத் தந்திருக்கிறார். பூமைக் கையால் ஆட்டிப் பார்த்தால் லொடலொடப்பே இல்லை.

பூம் மேலே எழாமல் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் வாங் கயிற்றின் பொருத்தில்தான் பெரிய விவாதம் நடந்தது. பலத்த காற்றில் பூம் வளையும் விசை அந்த இடத்தில் குவிகிறது. அங்கேயே வரிசையாகத் துளைகளைப் போட்டால் குழாய் முறிவதற்கு நாமே கோடு கிழித்துக் கொடுத்ததாகும். "ஓட்டையப் போட்டுட்டா அடைக்க முடியாது சார், பாயை மாட்டிப் பாத்து இடத்தைக் குறிச்சிட்டு வாங்க" என்று அவர் என்னைத் திருப்பி அனுப்பினார். அதனால் வேலை தள்ளிப்போனாலும் அது சரியான முடிவே. பிறகு துளைகளை ஒரே சுற்றில் வராதபடி முன்பின்னாகத் தள்ளி அமைத்தோம். பூமை இழுத்தும் தளர்த்தியும் பாயைக் காற்றுக்கேற்பத் திருப்பும் தாமான் கயிற்றின் கப்பிக்குத் துளையே போடாமல், பூமைச் சுற்றிக் கட்டும் டைனீமா (மிக வலுவான செயற்கை இழை) வளையமே போதும் என்று நான் முடிவு செய்தேன். அதை அவரும் ஏற்றுக்கொண்டார்.

ரிவெட்டுகளுக்கு 4.8 மி.மீ. மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) கேட்டேன். அவரிடம் இருப்பில் இல்லை, வரவழைத்துத் தந்தார். மோனலும் அலுமினியத்தோடு ஒத்துப்போகாத உலோகம்தான் என்றாலும், ரிவெட்டின் பரப்பு சிறியது, பூமின் பரப்பு பெரியது என்பதால் அரிப்பு மெதுவாகவே நடக்கும். ஒவ்வொரு துளையிலும் தடுப்புப் பசை தடவி, தகட்டுக்கும் பூமுக்கும் நடுவே மெல்லிய நைலான் தாள் வைத்தார். மோனலைச் சாதாரணக் கை ரிவெட்டர் இழுக்காது. அவரிடம் நீண்ட கைப்பிடியுள்ள கருவி இருந்ததால் தலைகள் எல்லாம் தகட்டோடு படிந்து உட்கார்ந்திருக்கின்றன.

குறை என்றால் கயிறுதான். அவுட்ஹாலுக்கென்று அவர் எடுத்து வைத்திருந்தது நைலான் கயிறு. நங்கூரத்துக்கு நைலானின் நீளும் தன்மை நல்லது. ஆனால் அவுட்ஹால், அதாவது பாயின் பின் அடிமூலையை இழுத்து நிறுத்தும் கயிறு, நீண்டு கொடுத்தால், காற்று ஏறும்போது தட்டையாக இருக்க வேண்டிய பாய் தொய்ந்து வயிறு போட்டுவிடும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரட்டைப் பின்னல் பாலியெஸ்டர் கயிற்றை வேறிடத்தில் வாங்கினேன்: அவுட்ஹாலுக்கு 5 மி.மீ., தாமானுக்குக் கையில் பிடிக்க வாகாக 8 மி.மீ. கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கேம் கிளீட்டும் கப்பிகளும் பட்டறையில் செய்யக்கூடியவை அல்ல. அவற்றையும் வெளியில்தான் வாங்க வேண்டும்.

கூலியும் பொருளும் சேர்ந்து, இறக்குமதிப் பொருத்துகளுக்கு எனக்குச் சொல்லப்பட்ட விலையில் பாதிக்கும் குறைவாகவே வந்தது. சொன்ன நாளில் வேலை முடியவில்லை. பம்ப் பழுது வந்தால் நம் வேலை பின்னுக்குப் போகிறது. போகிறவர்கள் வரைபடத்தை மட்டும் நம்பாமல் பூமையே தூக்கிக்கொண்டு போவது நல்லது. மோனல் ரிவெட்டை முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் காத்திருப்பு குறையும்.