குடும்ப வன்முறை சட்டத்துல பாதுகாப்பு உத்தரவு: எங்க வீட்டு அனுபவம், 5க்கு 3 மார்க்

எங்க அக்காவ அவ புருஷன் அடிக்கக் கூடாது, கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட்டுல பாதுகாப்பு உத்தரவு வாங்க திருவாரூர் பக்கம் அலைஞ்சப்ப இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் இல்ல, அதான் எழுதுறேன், வேற யாருக்காவது உதவும்.

181, பெண்கள் உதவி நம்பர், அதுக்கு முழு மார்க். ராத்திரி போன் பண்ணப்பவும் எடுத்தாங்க, நிதானமா பேசுனாங்க, ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி பண்ணிக் குடுத்தாங்க. சகி சென்டர்னு சொல்வாங்க. டாக்டர், சாப்பாடு, கவுன்சிலிங் எதுக்கும் காசு வாங்கல. ஆனா அங்க தற்காலிகமா தங்க 5 நாள் வரைக்கும்தான், கோர்ட்டு உத்தரவு கைக்கு வர்றதுக்குள்ள அது ஓடிருச்சு, அப்புறம் அம்மா வீட்டுக்கு கூட்டிட்டு வந்தோம், அந்த வீடு அக்கா புருஷனுக்கு நல்லாத் தெரிஞ்ச வீடு.

இந்த சட்டத்துக்குன்னு அரசு போட்டிருக்குற பாதுகாப்பு அலுவலர் மேடம் நடந்தத பொறுமையா கேட்டு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தாங்க. வக்கீல் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமா கிடைச்சாங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவசம்தான், இது நெறைய பேருக்கு தெரியல.

இனி கோர்ட்டு. 2005 சட்டப்படி மனு போட்டா சாதாரணமா 3 நாளுக்குள்ள முதல் விசாரணை, அதுலேர்ந்து 60 நாளுக்குள்ள முடிக்கப் பாக்கணும். எங்களுக்கு ரெண்டுமே நடக்கல. சரி, கேஸ் முடியுறதுக்கு முன்னாடி, சில சமயம் எதிர்தரப்ப கேக்காமயே குடுக்குற இடைக்கால உத்தரவு கெடைச்சுதேன்னு நிம்மதியா இருந்தா அதுல அடுத்த வாய்தா தேதி வரைக்கும்னு போட்டிருந்துச்சு. வாய்தா அன்னிக்கு மேஜிஸ்ட்ரேட் லீவு, இல்லன்னா வக்கீலுங்க புறக்கணிப்பு, தேதி தள்ளிப் போவுது ஆனா உத்தரவை நீட்டிச்சு எழுதுறதுக்கு ஆளில்ல, அப்ப அது உயிரோட இருக்கா இல்லையான்னு எங்களுக்கே தெரியல. குறுவை அறுப்பு முடிஞ்சு நெல் கொள்முதல் நிலையத்துல (டிபிசி) நெல்லு போட்ட காசு கையில வந்த வாரம் அக்கா புருஷன் குடிச்சிட்டு வாசல்ல வந்து நின்னாரு, ஸ்டேஷன்ல போய் காப்பிய காட்டுனா தேதி முடிஞ்சிருச்சேம்மா, நீட்டிச்சு வாங்கிட்டு வாங்கங்கறாங்க. அக்கா அன்னிக்கு பூரா புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பல.

இவ்ளோத்துக்கும் சட்டத்துல பிரிவு 25 தெளிவா இருக்கு. விசாரிச்சு முடிவா பாதுகாப்பு உத்தரவு குடுத்தா, பாதிக்கப்பட்டவங்களே வந்து வேணாம், ரத்து பண்ணுங்கன்னு கேக்குற வரைக்கும் அது நிக்கும். அமெரிக்கால கலிஃபோர்னியால போலீஸ் ஜட்ஜுக்கு போன் பண்ணியே அவசர உத்தரவு வாங்கலாம், ஆனா அது அதிகபட்சம் 7 நாள். நம்ம சட்டம் இந்த விஷயத்துல ரொம்ப நல்ல சட்டம், எழுதுனவங்க பயத்துல இருக்குறவங்கள நெனச்சு எழுதியிருக்காங்க. அந்த புத்தி இடைக்கால உத்தரவுலயும் இருக்கணும், கேஸ் முடியுற வரைக்கும் நிக்கணும், வாய்தாவுக்கு வாய்தா சாகக் கூடாது. எதிர்தரப்ப கேக்காம இவ்ளோ நாள் குடுக்கலாமான்னு கேக்குறவங்க இருக்காங்க, அது நியாயமான கேள்விதான். ஆனா நெலம மாறுனா உத்தரவ மாத்தச் சொல்லி அவரும் மனு போடலாம், 30 நாளுக்குள்ள செஷன்ஸ் கோர்ட்டுல அப்பீலும் போலாம். அவருக்கு போற வழி இருக்கு, அக்காவுக்கு போக வேற வீடு இல்ல.

ரெண்டு மார்க் கொறச்சது அந்த தேதிக்காகவும் தாமதத்துக்காகவும் மட்டும்தான்.

போறவங்க வக்கீல்கிட்ட முதல் நாளே சொல்லிருங்க, இடைக்கால உத்தரவுல "மறு உத்தரவு வரும் வரை"ன்னு எழுதக் கேளுங்கன்னு. உத்தரவு காப்பி உங்களுக்கும் உங்க ஏரியா ஸ்டேஷனுக்கும் கோர்ட்டே இலவசமா குடுக்கணும், ஸ்டேஷனுக்கு போய் சேந்துச்சான்னு நேர்ல பாத்துருங்க. இடைக்கால உத்தரவ மீறுனாலும் ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லன்னா 20,000 ரூபா வரை அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம், ஜாமீன உரிமையா கேக்க முடியாத குற்றம், பிரிவு 31, 32. நம்பரோட சொல்லுங்க, அப்பதான் ஸ்டேஷன்ல புகார் எழுதுற ரைட்டர் பேனாவ எடுக்குறாரு.