850 ரூபாய்க்கு ஒரு மரக்குழல்

பிரசவ வார்டில் வயிற்றிலிருக்கும் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்க 14 வருடமாக டாப்ளர் கருவிதான். ஜெல் தடவி வைத்தால் ஸ்பீக்கரில் டக்டக்கென்று கேட்கும், எண்ணை எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்கு நகர்ந்துவிடுவோம். போன மாதம் ஒரு நைட் டியூட்டியில் அதன் பேட்டரி தீர்ந்து, அதே துடிப்பை நேரடியாகக் காதால் கேட்கும் பழைய அலுமினிய ஃபீட்டோஸ்கோப்பைத் தேடி அலைந்த கடுப்பில், ஆன்லைனில் அதே வேலைக்கு மரத்தில் கடைந்த பினார்டு குழல் ஒன்று ஆர்டர் செய்தேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வார்னிஷ் நெடி மூன்று நாள் போகவில்லை. காது வைக்கும் தட்டின் விளிம்பில் பிசிறு, உப்புத்தாள் போட்டு நானே தேய்த்தேன்.

ஆனால் கேட்பதில் குறையே இல்லை. எட்டாம் மாதத்தில் இருக்கும் தம்பி மனைவியிடம்தான் முதல் சோதனை. வயிற்றைத் தொட்டுப் பார்த்து, வழுவழுவென்று முதுகு எந்தப் பக்கம், முண்டும் முடிச்சுமாகக் கை கால் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து, முதுகுப் பக்கம் அகன்ற வாயை வைத்து, காதைத் தட்டில் அழுத்தியதும் கையை எடுத்துவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் விரல் உரசுவதுதான் கேட்கும். ஃபேனை நிறுத்தச் சொன்னேன். முதலில் உஸ்உஸ் என்று ஒரு சத்தம். அவள் மணிக்கட்டு நாடியோடு ஒத்துப்போனது, அப்போ அது தாயின் ரத்த ஓட்டம். கொஞ்சம் நகர்த்தினேன். தலையணைக்கு அடியில் கடிகாரம் ஓடுவது மாதிரி என்று நர்சிங் படிக்கும்போது சொல்லித் தந்தார்களே, அதே சத்தம். நிமிடத்துக்கு 142.

இந்தக் குழலின் பாட்டன் 1816இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் பிறந்தது. பருமனான ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் காது வைக்கக் கூச்சப்பட்ட டாக்டர் ரெனே லேனெக், காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார், அப்புறம் அதையே மரத்தில் கடைந்தார். (பாவம், நெஞ்சு நெஞ்சாகக் கேட்டுக் காசநோயை ஆராய்ந்த மனிதர் 1826இல் அதே நோயில் போனார்.) அந்தக் குழலை வயிற்றில் வைத்துச் சிசுவின் துடிப்பைக் கேட்டதாக 1821இல் அறிவித்தவர் கெர்காரடெக் என்ற பிரெஞ்சு மருத்துவர். பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் பினார்டு இந்தக் கூம்பு வடிவத்தைக் கொடுத்தது 1895இல். இரண்டு காதுக்கும் குழாய் வைத்த ஸ்டெதாஸ்கோப் 1850களிலேயே வந்தாச்சு, எங்கள் குழல் மட்டும் இன்னும் ஒற்றைக் காதுதான்.

"எனக்குக் கேட்காதா அண்ணி?" என்றாள் தம்பி மனைவி. கேட்காது, டாப்ளர் ஜெயிப்பது இங்கேதான். தம்பி குனிந்து காது வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று ஃபேனைப் போட்டுவிட்டான்.