ஆயில் கசிவுக்கு வண்டியை விட்டேன்; 23,600 ரூபாய் போய்விட்டது

என் வண்டியின் கியர்பாக்ஸ் இறக்கப்படவே இல்லை என்பது நேற்று மாலைதான் உறுதியாயிற்று. அதை இறக்கி, என்ஜினின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான பின்புற ஆயில் சீலையும் கிளட்சையும் மாற்றியதாகச் சொல்லி என்னிடம் வாங்கிய தொகை 23,600 ரூபாய். கோபம் இன்னும் அடங்கவில்லை. பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் வேறு யாரும் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கடைசியில் சில எச்சரிக்கைகளும் சொல்கிறேன்.

வண்டி 1998-இல் அப்பா வாங்கிய டாடா சுமோ. 1,948 சிசி, நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின். அப்பா போன பிறகும் விற்க மனம் வராமல், 2013, 2018, 2023 என மூன்று முறை ஆர்சி என்னும் பதிவுச் சான்றைப் புதுப்பித்து ஓட்டி வருகிறேன். மூன்று மாதங்களாக மதுரையில் எங்கள் வீட்டு வாசலில், சரியாகக் கோலம் போடும் இடத்தில், ஆயில் சொட்டத் தொடங்கியது. கசிவது என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஊரில் இல்லாததால், வீட்டுக்கே ஆள் அனுப்பி வண்டியை எடுத்துச்சென்று, கூட்டாளிப் பட்டறை ஒன்றில் பழுது பார்த்துத் தருவதாகச் சொல்லும் செல்பேசிச் செயலி ஒன்றில் பதிவு செய்தேன். செயலியின் பெயரையோ பட்டறையின் பெயரையோ இப்போது சொல்லப்போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

என்னை வீழ்த்தியது விளம்பரம் அல்ல, அந்தப் பட்டறையின் தலைமை மெக்கானிக். நரைத்த தலை, நெற்றியில் திருநீறு, பேச்சில் அவசரமே இல்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி, என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் விரலால் வழித்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, "கியர் ஆயில்னா கந்தக வாடை அடிக்கும் சார், இது என்ஜின் ஆயில்தான்" என்றார். அது உண்மை, அதனால்தான் அடுத்துச் சொன்ன பொய்யையும் நம்பினேன். "கிராங்கோட பின்பக்க சீல் போயிருச்சு. கியர்பாக்ஸை இறக்காம முடியாது. இறக்குறதோட கிளட்ச் செட்டையும் மாத்திட்டா இன்னொரு தடவை லேபர் மிச்சம்" என்றவர், சற்று நிறுத்தி, "அப்பா வச்சிருந்த வண்டியா? அப்ப வித்துராதீங்க சார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் 15,000 ரூபாயை முன்பணமாக அங்கேயே அனுப்பினேன் என்று இப்போது தோன்றுகிறது. மேலே எங்கிருந்தாவது வழிந்து வருகிறதா என்று அவர் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் தருவதாகச் சொன்ன வண்டி ஒன்பதாவது நாள் வந்தது. கூலி 9,000, சீல் 1,200, கிளட்ச் செட் 7,300, ஆயிலும் ஃபில்டரும் 2,500, அதன்மேல் 18 சதவீத வரி 3,600, ஆக 23,600 ரூபாய். வரி போட்ட சீட்டில் ஜிஎஸ்டி எண் இல்லை என்பதை மீதி 8,600 ரூபாயைக் கொடுத்த பிறகுதான் கவனித்தேன். பழைய சீலையும் கிளட்ச் பிளேட்டையும் கேட்டதற்கு, குப்பை வண்டியில் போய்விட்டது என்றார்கள். என்ஜின் கழுவிப் பளபளவென்றிருந்தது. அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கேட்காமலே செய்த மரியாதை என்று நினைத்து நன்றி வேறு சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை, கோலத்தின் மேல் அதே இடத்தில் அதே சொட்டு.

அதன்பின் கேட்ட பதில்களை வரிசையாகச் சொல்லலாம். முதல் அழைப்பில், புது சீல் பழக 500 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றார்கள். அருப்புக்கோட்டைக்கும் ராமேசுவரத்துக்குமாக ஓட்டிவிட்டு மீண்டும் அழைத்தால், ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருப்பீர்கள் என்றார்கள். ஊற்றியது அவர்களே. அளவுகோலில் மேல் கோட்டுக்குக் கீழேதான் ஆயில் நின்றது. மூன்றாவது முறை நேரில் போனபோது, "பேக் கம்ப்ரஷன் அடிக்குது சார், என்ஜின் வேலை பார்த்தாத்தான் நிக்கும், 75,000 ஆகும்" என்றார் அதே திருநீற்றுக்காரர், அதே நிதானத்தோடு. செயலியில் புகார் எழுதினால் பட்டறையைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. பட்டறையைக் கேட்டால், பணம் செயலி வழியாகத்தான் வந்தது, அங்கே கேளுங்கள் என்றார்கள். ஏழாம் நாள் என் புகாருக்கு எதிரே 'தீர்க்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. 23,600 ரூபாய் கொடுத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதைத் தீர்த்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

நேற்று எங்கள் பக்கத்துத் தெருவில் டிராக்டர் வேலை பார்க்கும் அண்ணனிடம் வண்டியைக் காட்டினேன். அவர் செய்ததில் வித்தை ஏதும் இல்லை. மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை நனைத்து என்ஜினின் பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் தேய்த்துக் கழுவினார், துணியால் ஒற்றிக் காயவைத்தார், பிறகு குழந்தைகளுக்குப் போடும் பவுடரைச் சந்தேகப்பட்ட இடமெல்லாம் தூவினார். இருபது நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, பத்து கிலோமீட்டர் சுற்றிவரச் சொன்னார். திரும்பி வந்தபோது என்ஜினின் தலையை மூடும் டேப்பட் கவரின் பின்மூலையிலிருந்து வெள்ளைப் பவுடரின் நடுவே ஒரு கறுப்புக் கோடு கீழே இறங்கி, பிளாக்கின் முதுகு வழியாக நேரே பெல் ஹவுசிங்கின் மேல் விழுந்திருந்தது. "ஆயில் மேல இருந்து கீழதான் வரும் தம்பி, வண்டி ஓடும்போது காத்து அதைப் பின்னால தள்ளும். சொட்டுற இடத்தைப் பார்த்து வைத்தியம் பண்ணக்கூடாது, நனைஞ்சதுலயே உசந்த இடத்தைத் தேடணும்" என்றார்.

கவரைக் கழற்றியபோது அதன் பேக்கிங் அப்பளமாக நொறுங்கியது. அதைவிட முக்கியமானது, என்ஜினின் அடிவயிறான கிராங்க்கேஸின் காற்றை வெளியே விடும் ப்ரீதர் குழாய், உள்ளே கரிப்பசை ஏறி ஏறக்குறைய அடைத்தே போயிருந்தது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு, அதாவது அவர்கள் சொன்ன பேக் கம்ப்ரஷன், கொஞ்சமாவது எல்லா என்ஜினிலும் உண்டு; அது வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி, பலவீனமான பேக்கிங் எங்கே இருக்கிறதோ அங்கே ஆயிலைப் பிதுக்கித் தள்ளும். குழாயைக் கழுவிப் பொருத்திய பிறகு, ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தோம். இத்தனை வயதான என்ஜினுக்கு இயல்பான லேசான ஆவிதான் வந்தது. 75,000 ரூபாய்க்கான பேக் கம்ப்ரஷன் அதோடு காணாமல் போயிற்று. ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும் வேக்குவம் பம்புக்குப் போகும் ஆயில் குழாயும் வெடித்து வியர்த்திருந்ததால் அதையும் மாற்றினோம். பேக்கிங், குழாய், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து ஆனது 1,020 ரூபாய்.

பிறகு அவர் டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டார். பெல் ஹவுசிங் போல்ட்டுகளின் தலையைச் சுற்றிப் பல ஆண்டு மண் இறுகிக் கிடந்தது, அந்த மண்ணின் மேல்தான் கறுப்புப் பெயிண்ட் இருந்தது. ஒரு போல்ட்டில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. அவர்கள் செய்த ஒரே வேலை, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சேம்பரின் விளிம்பைச் சுற்றி சிலிகான் பசையைக் கைதாராளமாகப் பூசியதுதான். வெளியே இவ்வளவு பிதுங்கினால் உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து ஆயில் பம்பின் வலையை அடைத்தால் என்ஜினே போய்விடும் என்கிறார் அண்ணன். ஆகவே சேம்பரை இறக்கிப் பார்க்கும் செலவு இன்னும் பாக்கி. 23,600 ரூபாய் கொடுத்து இல்லாத ஆபத்து ஒன்றையும் வாங்கி வந்திருக்கிறேன்.

எச்சரிக்கைகள் சொல்வதாகச் சொன்னேன். எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் சுருக்கமாகவே சொல்கிறேன். கழுவி, பவுடர் தூவிப் பார்க்காமல் 'பின்பக்க சீல்' என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். முதலில் ப்ரீதரைப் பாருங்கள். கழற்றும் பழைய பாகங்களைத் தரவேண்டும் என்று முன்பே எழுதி வாங்குங்கள், கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது நேரில் போய்ப் பாருங்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத சீட்டுக்கு வரி கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் இன்று காலை புகார் பதிவு செய்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. அதுவரை வண்டியின் அடிப்பாகத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறேன். மண்ணின் மேல் அடித்த அந்தப் பெயிண்ட் அப்படியே இருக்க வேண்டும்.