துளைக்குள் கடினப் பூச்சு: காபைட்டா, குரோமா, நிக்கலா?

இலங்கையின் புல்மோட்டைக் கனிய மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கன் எல்லாம் கலந்திருக்கும். குழாய்க்கு எமன் சிர்க்கன்தான், கடினத்தைக் குறிக்கும் மோ அளவில் 7.5. அந்த மணலைத் தண்ணீரோடு தள்ளும் உருளைகளின் (சிலிண்டர்) உட்பக்கத்துக்குப் பூச்சுத் தேடுபவர்கள் "எது கடினம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். ஆனால் துளையின் உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதே முதற் கேள்வி.

கடினத்தில் முந்துவது எச்விஓஎஃப் என்ற அதிவேகச் சுவாலைத் தெளிப்பு. டங்ஸ்டன் காபைட்டுப் பூச்சு 1,100 விக்கர்ஸ் (உலோகக் கடினத்தின் அளவு) வரை வரும். ஆனால் வழக்கமான தெளிப்புத் துப்பாக்கி பரப்பிலிருந்து 230 மி.மீ. அளவாவது தள்ளி நிற்க வேண்டும். 150 மி.மீ. துளைக்குள் அது எப்படி நிற்கும்? வாயிலிருந்து சாய்வாக அடித்தால், கோணம் 45 பாகைக்குக் கீழே இறங்க இறங்க நுண்துளை கூடும். மணல் அங்கேதான் தோண்டத் தொடங்கும். உட்துளைக்கென்றே சிறிய துப்பாக்கிகள் உண்டு. அவற்றிலும் தூசியைக் காற்றால் வெளியே தள்ளாவிட்டால் அது பூச்சுக்குள்ளேயே புதையும்.

கடின குரோம் மின்முலாமாகப் பூசப்படுவது: கரைசலில் லீற்றருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம், 2.5 கிராம் சல்பூரிக் அமிலம், 55 பாகை செல்சியஸ். துளையின் நடுவில் ஈயக்கலவைத் தண்டு அனோட்டாக (நேர்மின்வாய்) நிற்கும். தண்டு சற்றே சாய்ந்தாலும் ஒரு பக்கம் தடிக்கும், மறுபக்கம் மெலியும். பிறகு ஓனிங் (கல்லால் உட்துளையைத் தேய்த்தல்) செய்து நேராக்கலாம் என்று நம்ப வேண்டாம், ஓனிங் கல் இருக்கிற துளையின் போக்கிலேயே போகும். வாய் ஓரங்களில் மின்னோட்டம் குவியும். மறைப்பு வளையம் போடாவிட்டால் அங்கே மேடு கட்டும். குரோமில் நுண்வெடிப்புகள் இயல்பு. துறைமுகத்துப் படகுச் சிலிண்டரில் உப்புத்தண்ணீர் அவற்றின் வழியே இறங்கி, அடியில் துரு பிடித்து, பூச்சு செதிலாக உரியும். அடியில் நிக்கல் படிவு போட்டால் தாங்கும்.

மின்னோட்டமில்லா நிக்கல் வேதிவினையால் மட்டுமே படிவது, அதற்கு அனோட்டே வேண்டாம். 85–90 பாகையில் கரைசல் ஓடும் இடமெல்லாம் ஒரே தடிப்பு, மணிக்குச் சுமார் 15 மைக்ரோன். ஒரு முனை அடைத்த துளையில் மட்டும் வாயுக் குமிழி தங்கிக் குழி விழும். கரைசலைப் பம்பால் சுற்றவிடுங்கள். 400 பாகையில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் 500 விக்கர்ஸ் 900 வரை ஏறும், ஆனால் வெடிப்பு வந்து உப்பைத் தாங்கும் திறன் குறையும்.

ஆகவே அகன்ற நேர்க்குழாய்க்குக் காபைட்டு, பிஸ்டன் உரசும் சிலிண்டருக்குக் குரோம், ஒடுங்கி நீண்ட துளைக்கு நிக்கல். வளைவுக்கு மூன்றும் வேண்டாம். மணல் நேருக்கு நேர் மோதும் இடத்தில் கடினப் பூச்சு நொறுங்கும். அங்கே இறப்பர் உறைதான், எண்ணெய் மட்டும் படக்கூடாது.

எதைத் தேர்ந்தாலும், பூசுமுன்னும் பின்னும் மூன்று ஆழங்களில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் போர் கேஜால் (துளையின் உள்விட்டம் அளக்கும் கருவி) அளந்து எழுதி வையுங்கள்.