ட்யூஷன் பிள்ளைகளுக்கு வாங்கிய ஓட்டு மெஷின் செட்: மூன்று வாரம் பயன்படுத்திய பிறகு

செங்கல்பட்டில் வீட்டு மாடியில் சாயங்கால ட்யூஷன் எடுக்கிறேன். இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 14 பிள்ளைகள். போன தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அன்று என் விரலில் மையைப் பார்த்த மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மிஸ், உள்ளே என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். அம்மாவோடு வாக்குச்சாவடி வரை போயிருக்கிறாள், வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கைக்குழந்தை என்றால்தான் உள்ளே தூக்கிக்கொண்டு போக முடியும், இவளுக்கு எட்டு வயது. போர்டில் படம் போட்டு விளக்கிப் பார்த்தேன், யாருக்கும் ஏறவில்லை. அப்புறம்தான் ஆன்லைனில் தேடி 850 ரூபாய்க்கு இந்த செட்டை வாங்கினேன்.

பெட்டியில் இருந்தவை: நான்கு நீலப் பட்டன் உள்ள ஓட்டுப் போடும் பெட்டி, அதோடு வயரில் இணைந்த இன்னொரு சின்னப் பெட்டி, மடக்கி நிறுத்தும் அட்டைத் தடுப்பு, ஊதா மார்க்கர் ஒன்று, பெயரும் சின்னமும் எழுத வெற்று அட்டைகள், 12 பக்கக் கையேடு. மூன்று பென்சில் பேட்டரி நாம் வாங்கிப் போட வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இரண்டு பெட்டிகளாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்களே, அதுதான் இந்த செட்டின் உயிர். நிஜ இயந்திரத்திலும் வாக்குச்சாவடி அதிகாரி தன்னிடம் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியில் பட்டனை அழுத்தினால்தான் உள்ளே இருப்பவரால் ஒரு ஓட்டுப் போட முடியும், போட்டதும் நீளமாக 'பீப்' சத்தம், அதன் பிறகு அடுத்தவருக்கு அவர் மறுபடி அழுத்தும் வரை எந்தப் பட்டனும் வேலை செய்யாது. இந்த பொம்மையிலும் அப்படியே. முதல் நாள் ஒரு பையன் ஒரே பட்டனைப் பத்துத் தடவை குத்திப் பார்த்தான், ஒன்றுதான் பதிவானது. "ஒருத்தருக்கு ஒரு ஓட்டு" என்று நான் அரை மணி நேரம் பேசியும் புரியாதது அவனுக்கு அங்கே விரல் நுனியில் புரிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஓட்டுப் போடுவதைவிட அதிகாரியாக உட்காரத்தான் அதிக ஆசை. பெயரைச் சத்தமாகப் படிக்க ஒருவர், மை வைத்துக் கையெழுத்து வாங்க ஒருவர், பட்டன் அழுத்த ஒருவர் என்று நிஜச் சாவடி மாதிரியே மூன்று பேரை உட்கார வைத்தேன்.

இப்போது பெரிய குறை. ஓட்டுப் போடும் பெட்டியில் ஒவ்வொரு பட்டனுக்குப் பக்கத்திலும் குட்டித் திரை வைத்து, அந்த வேட்பாளருக்கு இதுவரை எத்தனை ஓட்டு என்று உடனுக்குடன் காட்டுகிறது. பிள்ளைகள் ரசிப்பார்கள் என்று வைத்திருப்பார்கள் போல. ஆனால் தேர்தல் என்பதையே அது கெடுத்துவிடுகிறது. நிஜ இயந்திரத்தில் வாக்குப்பதிவு நடக்கும்போது மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று மட்டும்தான் அதிகாரி பார்க்க முடியும், யாருக்கு எவ்வளவு என்பது வாக்குப்பதிவை முடித்து மூடிய பிறகுதான் வெளியே வரும்.

எங்கள் முதல் தேர்தல், சனிக்கிழமைக்கு என்ன பலகாரம் என்பது. சுண்டல், வாழைக்காய் பஜ்ஜி, குழிப்பணியாரம் மூன்றும் போட்டி. முதல் நாலு பேர் பஜ்ஜிக்குப் போட்டார்கள். ஐந்தாவதாக உள்ளே போனவள் வெளியே வந்ததும் வரிசையில் நின்றவர்களிடம் "பஜ்ஜிதான் ஜெயிக்குது" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு பெரும்பாலும் பஜ்ஜிதான். கடைசியில் பஜ்ஜி 11, பணியாரம் 2, சுண்டல் 1. சுண்டலுக்குப் போட்டது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோய், அந்தப் பிள்ளையைச் சுற்றி நின்று கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

மறுநாள் கறுப்பு இன்சுலேஷன் டேப் வாங்கி நாலு திரையையும் ஒட்டி மறைத்துவிட்டு, மறு வாக்குப்பதிவு என்று அறிவித்தேன். அதே 14 பேர், அதே மூன்று பலகாரம். டேப்பை உரித்துப் பார்த்தால் பஜ்ஜி 6, பணியாரம் 5, சுண்டல் 3. பிள்ளைகளே வாயடைத்துப் போனார்கள். "நேத்து நீங்க ஏன் பஜ்ஜிக்குப் போட்டீங்க?" என்று ஐந்தாம் வகுப்புப் பெண் மற்றவர்களைக் கேட்டாள், யாரும் பதில் சொல்லவில்லை. ரகசிய வாக்கு எதற்கு என்று நான் தனியாகப் பாடம் எடுக்கவே இல்லை. வாங்குகிறவர்கள் செட்டோடு ஒரு டேப்பும் வாங்கிவிடுங்கள், முதல் நாளிலிருந்தே ஒட்டிவிடுங்கள்.

இதோடு சேர்ந்தது வயர் பிரச்சினை. அரை மீட்டர்கூட இல்லை. நிஜத்தில் இரண்டு கருவிகளுக்கும் நடுவே ஐந்து மீட்டர் கேபிள் இருக்கும், அதனால்தான் அதிகாரி தள்ளி உட்கார முடிகிறது. இதில் அதிகாரி கிட்டத்தட்ட வாக்காளரின் மடியில் உட்கார வேண்டும். எங்கள் தெரு ரிப்பேர் கடையில் கொடுத்து வயரை நீட்டிக்கொண்டேன், 60 ரூபாய் ஆனது.

மார்க்கர் பிரயோஜனமில்லை, எச்சில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். நிஜ மை வெள்ளி நைட்ரேட் கலந்தது, 1962 தேர்தலிலிருந்து மைசூரில் கர்நாடக அரசு நிறுவனம் தயாரிக்கிறது, நகத்தில் ஏறினால் நகம் வளர்ந்துதான் போக வேண்டும். ஒரு பையன் துடைத்துவிட்டு இரண்டாவது முறை வரிசையில் வந்து நின்றான். பட்டியலில் அவன் கையெழுத்து ஏற்கெனவே இருந்ததால் மாட்டிக்கொண்டான்.

வெற்று அட்டைகளுக்கு முழு மார்க் கொடுக்கலாம். சின்னங்களைப் பிள்ளைகளே வரைந்தார்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு பையனுக்கு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, அவன் பணியாரப் படத்தைத் தேடி விரலை வைத்துத் தானாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்தான். 1951-52 முதல் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வைத்து அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள் என்று அன்று சொன்னேன், அவனே எதிரில் நின்றதால் எல்லாருக்கும் சட்டென்று புரிந்தது. நாலு பட்டன் போதுமா என்று கேட்டவர்களுக்கு 1996இல் மொடக்குறிச்சி தொகுதியில் 1,033 பேர் நின்றதையும் வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்ததையும் சொன்னேன். அடுத்த நாள் ஒருவன் நோட்டு முழுக்கச் சின்னம் வரைந்து எடுத்துக்கொண்டு வந்தான்.

கையேடு மோசம். ஆங்கிலத்தை எதிலோ போட்டு மாற்றியிருக்கிறார்கள், கட்டுப்பாட்டுக் கருவியைக் 'கட்டுப்படுத்தும் ஒற்றுமை' என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைவிடத் தவறு, குடவோலை முறையை 'உலகின் முதல் ஓட்டு' என்று போட்டிருப்பது. உத்திரமேரூர் எங்களுக்குப் பக்கம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டைக் காட்டினேன். அது ஓட்டு இல்லை, குலுக்கல். அதுவும் பிராமணர்களின் ஊர்ச் சபை, சொந்த நிலமும் வீடும் உள்ள ஆண்களின் பெயரைத்தான் ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். ஒன்றும் அறியாத சின்னப் பையன் ஒருவனை விட்டு ஒரு ஓலையை எடுக்கச் சொல்வார்கள், அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. பிள்ளைகளுக்கு அந்த விரித்த விரலும் கணக்கு விஷயமும் மிகவும் பிடித்துப்போனது.

மூன்றாவது வாரம் ட்யூஷன் லீடர் தேர்தல், மூன்று பேர் போட்டி. 6, 6, 2 என்று வந்தது. சமமாக வந்தால் மறுபடி ஓட்டுப் போடுங்கள் என்கிறது கையேடு. நம் சட்டம் அப்படிச் சொல்லவில்லை, இரண்டு பேருக்குச் சமமாக வந்தால் தேர்தல் அதிகாரி குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டிலிருந்த பித்தளைக் குடத்தை எடுத்து வந்து இரண்டு சீட்டைப் போட்டோம். பக்கத்து வீட்டு யுகேஜி குழந்தையை எடுக்கச் சொன்னோம். ஐந்தாம் வகுப்புப் பெண், யாரும் சொல்லாமலே, ஐந்து விரலையும் விரித்து அந்தச் சீட்டை வாங்கி எல்லாருக்கும் காட்டிவிட்டுப் படித்தாள்.

தோற்ற பையன் அழுதுவிட்டான். திங்கட்கிழமை ட்யூஷனுக்கு வரவில்லை. இதற்குக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை, ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குத் தேர்தலில் கஷ்டமான பாடமே அதுதான், வாங்குகிறவர்கள் அதற்குத் தயாராக இருங்கள். நான் அவன் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். அவன் தோற்றது குலுக்கலில்தான், ஓட்டில் ஆறு பேர் அவன் பக்கம் நின்றார்கள் என்று மட்டும் சொன்னேன்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். எட்டுப் பேருக்கு மேல் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வாங்கலாம், வீட்டில் ஒரே குழந்தைக்கு வேண்டாம், இரண்டு நாளில் அலமாரிக்குப் போய்விடும்.

அந்தப் பையன் செவ்வாய்க்கிழமை வந்தான். வந்ததும் புத்தகத்தைத் திறக்காமல் எழுந்து நின்று, "மிஸ், லீடர்கிட்ட பலகாரக் காசு 140 ரூபாய் இருக்கு, கணக்கு காட்டச் சொல்லுங்க" என்றான். லீடர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனான்: வாழைக்காய் 40, கடலை மாவு 50, எண்ணெய் 45, மீதி 5.